கேடயத்தைப் பார்த்தே பெயர் சொல்வார்கள்!

"ராஜாதி ராஜ... ராஜ கம்பீர... பராக்! பராக்!"

சரித்திரப் படங்களிலும், பள்ளி ஆண்டு விழா நாடகங்களிலும் ராஜா வருவதற்கு முன் ஒருவர் வந்து இப்படி முழங்குவாரே, கவனித்திருக்கிறீர்களா குட்டீஸ்? அவர்தான் கட்டியக்காரர். வசனம் மனப்பாடம் ஆகாத பையனுக்குத்தான் பெரும்பாலும் அந்த வேஷம் கிடைக்கும். இரண்டே வரி. சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொள்ள வேண்டியதுதான்!

இங்கிலாந்து நாட்டிலும் கட்டியக்காரர்கள் இருந்தார்கள். 'ஹெரால்டு' என்று அவர்களுக்குப் பெயர். ஆனால், அவர்கள் வேலை இரண்டு வரியோடு முடிந்துவிடவில்லை. நூற்றுக்கணக்கான கேடயங்களை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். போர்க்களத்தில் தூரத்தில் வருபவர் யார், கீழே விழுந்து கிடப்பவர் யார் என்று பார்த்தவுடன் சொல்ல வேண்டும். இன்னும் ஆச்சரியம், இந்த வேலை இன்றும் லண்டனில் இருக்கிறது!

முகம் தெரியாத வீரர்கள்

சுமார் 900 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவில் குதிரை மீதேறிப் போரிடும் பிரபுக்கள் உடல் முழுக்க இரும்புக் கவசம் அணிந்தனர். தலையில் இரும்புத் தொப்பி. போகப் போக அது முகத்தையும் மூடிவிட்டது. கண்ணுக்கு மட்டும் ஒரு கீறல்! அம்பு படாமல் இருக்க அது நல்லதுதான். ஆனால் ஒரு சிக்கல். உள்ளே இருப்பது நம் ஆளா, எதிரியா என்று எப்படித் தெரியும்?

அதற்குத்தான் கேடயத்தில் ஒரு சின்னம் வரைந்து கொண்டனர். ஒருவருக்குச் சிங்கம், ஒருவருக்குக் கழுகு, ஒருவருக்கு வெறும் கோடு. கவசத்தின் மேல் அணியும் துணிச் சட்டையிலும் அதே சின்னம். அதனால்தான் ஆங்கிலத்தில் இதற்கு 'கோட் ஆப் ஆர்ம்ஸ்' என்று பெயர் வந்தது. அப்பாவின் சின்னம் மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று அது குடும்பச் சொத்தாகவே ஆகிவிட்டது.

சின்னம் தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு விதி வைத்தனர். தங்க நிறமும் வெள்ளி நிறமும் 'உலோகங்கள்'. சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை 'வண்ணங்கள்'. உலோகத்தின் மேல் உலோகம் வரக்கூடாது. வண்ணத்தின் மேல் வண்ணம் வரக்கூடாது. நீலத்தின் மேல் கறுப்புச் சிங்கத்தை வரைந்தால் யாருக்குத் தெரியும்? மஞ்சள் நிற போர்டில் வெள்ளை எழுத்து எழுதினால் நம்மால் படிக்க முடியாது இல்லையா, அதுபோலத்தான்.

சின்னத்தைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும்? 1471, ஏப்ரல் 14. லண்டனுக்கு வடக்கே பார்னெட் என்ற ஊர். ஒரு பக்கம் மன்னர் நான்காம் எட்வர்டு. எதிர்ப்பக்கம் வார்விக் பிரபுவின் படை. விடியற்காலையில் கடும் பனிமூட்டம். வார்விக்கின் தோழரான ஆக்ஸ்போர்டு பிரபுவின் வீரர்கள், மன்னர் படையின் ஒரு பகுதியை அடித்து விரட்டிவிட்டுத் திரும்பி வந்தனர். அவர்கள் உடையில் இருந்த சின்னம், கதிர் வீசும் நட்சத்திரம். மன்னர் எட்வர்டின் சின்னமோ கதிர் வீசும் சூரியன். பனியில் நட்சத்திரம் சூரியனாகத் தெரிந்துவிட்டது! வார்விக்கின் ஆட்களே தங்கள் நண்பர்கள் மீது அம்பு மாரி பொழிந்தனர். "துரோகம்! துரோகம்!" என்று அலறியபடி ஆக்ஸ்போர்டின் வீரர்கள் ஓடிவிட்டனர். வார்விக் தோற்றார், உயிரையும் இழந்தார்.

இரண்டு பக்கமும் நண்பர்கள்

இப்படிக் குழப்பம் வராமல் சின்னங்களைக் கற்று வைத்திருந்தவர்கள்தான் ஹெரால்டுகள். ஆரம்பத்தில் ஊர் ஊராகச் சுற்றி, பிரபுக்களின் ஈட்டிப் போட்டிகளில் பெயர் அறிவிப்பதுதான் அவர்கள் பிழைப்பு. நம் கிரிக்கெட் வர்ணனையாளர்கள் மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன். குதிரையில் வருபவரின் கேடயத்தைப் பார்த்து, "இதோ வருகிறார் இன்னார், இன்னாரின் மகன், இந்தப் போரில் வென்றவர்" என்று அறிவிப்பார்கள். ஒரு பெயரைத் தப்பாகச் சொன்னால் கூட்டம் சிரிக்கும், பிரபு முறைப்பார்!

கண்ணால் பார்த்ததை எழுதியும் வைத்தனர். 1300ல் மன்னர் முதலாம் எட்வர்டு, ஸ்காட்லாந்தில் கேர்லாவெராக் என்ற கோட்டையை முற்றுகையிட்டார். அதில் கலந்து கொண்ட 100க்கும் மேற்பட்ட பிரபுக்களின் சின்னங்களை வர்ணித்து, பிரெஞ்சு மொழியில் ஒரு பாட்டே இருக்கிறது. முக்கோண வடிவில் இருக்கும் அந்தக் கோட்டை இடிபாடாக இன்றும் நிற்கிறது.

நாளடைவில் மன்னர்கள் இவர்களைத் தூது அனுப்பவும் பயன்படுத்தினர். ஹெரால்டு வாள் ஏந்தமாட்டார். எதிரி முகாமுக்குள் தைரியமாகப் போவார், செய்தி சொல்வார், திரும்பி வருவார். அவரை யாரும் தொடக்கூடாது. அவரும் அங்கே பார்த்த ரகசியங்களைத் தன் அரசரிடம் வந்து உளறக்கூடாது. நம்பிக்கைதான் அவருடைய கேடயம்.

இதற்கு நல்ல உதாரணம் அஜின்கோர்ட் போர். 1415, அக்டோபர் 25. பிரான்ஸ் நாட்டில் ஒரு சேற்று வயல். இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியிடம் இருந்தது சிறிய படை. அவர்களில் பெரும்பாலோர் வில்லாளிகள். எதிரே பிரான்சின் பெரிய படை. அன்று இரு நாட்டு ஹெரால்டுகளும் ஒன்றாக நின்று போரைப் பார்த்தனர் என்று சொல்வார்கள். எதிரி நாட்டவர் பக்கத்திலேயே நின்று, சண்டை போடாமல் வேடிக்கை பார்ப்பதை நினைத்துப் பாருங்கள்!

சேற்றில் சிக்கிய பிரெஞ்சு வீரர்கள் அம்புகளுக்கு இரையாகினர். கடைசியில் ஹென்றி மன்னர், பிரான்ஸ் நாட்டின் தலைமை ஹெரால்டான 'மோன்ஜ்வா' என்பவரை அழைத்து, "வெற்றி யாருக்கு?" என்று கேட்டாராம். "உங்களுக்குத்தான்" என்று ஒப்புக்கொண்டார் அவர். தோற்றது அவருடைய சொந்த நாடு. ஆனாலும் உண்மையைச் சொல்வதுதானே அவர் வேலை! "அதோ தெரிகிறதே, அந்தக் கோட்டையின் பெயர் என்ன?" என்று கேட்டார் மன்னர். "அஜின்கோர்ட்" என்று பதில் வந்தது. அதுவே போரின் பெயராகிவிட்டது.

பிறகுதான் துயரமான வேலை. களத்தில் கிடந்தவர்களின் முகங்கள் அடையாளம் தெரியவில்லை. ஹெரால்டுகள் ஒவ்வொருவரின் சட்டைச் சின்னத்தையும் பார்த்துப் பார்த்துப் பெயர்களை எழுதினர். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் எத்தனையோ வீடுகளில், அப்பா இனி வரமாட்டார் என்பதைத் தெரிந்து கொண்டிருப்பார்கள்.

அதே போரில் பிரபான்ட் நாட்டுப் பிரபு அந்தோணி என்பவர் தாமதமாக வந்து சேர்ந்தார். அவசரத்தில் தன் சின்னம் போட்ட சட்டையை எடுத்து வரவில்லை. எக்காளத்தில் தொங்கிய சின்னக் கொடியை எடுத்து, நடுவில் ஓட்டை போட்டுத் தலை வழியாக மாட்டிக்கொண்டு களத்தில் குதித்தார். பிடிபட்டார். அந்தக் காலத்தில் பெரிய பிரபு பிடிபட்டால் கொல்லமாட்டார்கள். பெரும் பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். ஆனால் அந்த ஒட்டுப்போட்ட சட்டையைப் பார்த்து அவர் யாரென்று யாருக்கும் புரியவில்லை. மற்றக் கைதிகளோடு அவரும் கொல்லப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. ஒழுங்கான சட்டை ஒன்று இருந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார்!

ஒரே கேடயம், இரண்டு சொந்தக்காரர்கள்

ஒரே சின்னத்தை இரண்டு பேர் வைத்திருந்தால்? அப்படியும் நடந்தது.

1385ல் மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் படை ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டது. படையில் யார்க்ஷயரைச் சேர்ந்த சர் ரிச்சர்ட் ஸ்க்ரோப் என்ற பிரபு இருந்தார். அவர் கேடயம், நீல நிறத்தில் குறுக்காக ஒரு தங்கப் பட்டை. திரும்பிப் பார்த்தால், செஷயரைச் சேர்ந்த சர் ராபர்ட் குரோவ்னர் என்பவரும் அதே நீலம், அதே தங்கப் பட்டையோடு நிற்கிறார்! "இது எங்கள் குடும்பச் சின்னம்" என்றார் ஸ்க்ரோப். "எங்கள் முன்னோர் காலத்திலிருந்தே எங்களுடையது" என்றார் குரோவ்னர்.

வழக்கு, வீரர்களுக்கான தனி நீதிமன்றத்துக்குப் போனது. எழுதி வைத்த முறையான பதிவு எதுவும் கிடையாது. அதனால் சாட்சிகளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பேர் வந்தனர். தன் வயது 105 என்று சொன்ன ஒரு கிழ வீரர்கூடச் சாட்சி சொன்னார்! நான்கூட முதலில் இதை அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

சாட்சிகளில் ஒருவர், ஆங்கிலக் கவிதையின் தந்தை என்று போற்றப்படும் ஜெப்ரி சாசர். அவர் சொன்ன கதை சுவையானது. ஒருநாள் லண்டனில் பிரைடே தெரு வழியாக நடந்து போனாராம். ஒரு சத்திரத்தின் வாசலில், நீலத்தில் தங்கப் பட்டை போட்ட புதுப் பலகை தொங்கியது. "ஸ்க்ரோப் இங்கேயா தங்கியிருக்கிறார்?" என்று கேட்டார். "ஸ்க்ரோப் இல்லை ஐயா, இது சர் ராபர்ட் குரோவ்னரின் சின்னம்" என்று பதில் வந்தது. குரோவ்னர் என்ற பெயரையே அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டேன் என்றார் சாசர். குரோவ்னருக்கு அது எப்படி இருந்திருக்கும்!

1389ல் ஸ்க்ரோப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. குரோவ்னர் வேண்டுமானால் சுற்றிலும் வெள்ளி ஓரம் வைத்துக்கொள்ளலாம் என்றனர். அவர் ஒப்புக்கொள்ளாமல் மன்னரிடம் முறையிட்டார். மன்னரோ அந்த ஓரத்தையும் பிடுங்கிவிட்டார்! குரோவ்னர் குடும்பம் வேறு வழியில்லாமல், நீலத்தில் ஒரு தங்கக் கோதுமைக் கதிர்க்கட்டைச் சின்னமாக்கிக் கொண்டது.

மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? தங்கப் பட்டைக்கு ஹெரால்டுகள் பாஷையில் 'பெண்ட் ஓர்' என்று பெயர். ஏறக்குறைய 500 ஆண்டுகள் கழித்து, குரோவ்னர் வம்சத்தில் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு தன் பந்தயக் குதிரைக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? பெண்ட் ஓர்! அது 1880ல் புகழ்பெற்ற டெர்பி பந்தயத்தில் முதலாவதாகவும் வந்தது.

ஹெரால்டுகளுக்கு ஒரு வீடு

மனப்பாடம் மட்டும் போதாது, எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது இப்படிப்பட்ட சண்டைகளால் புரிந்தது. 1484ல் மன்னர் மூன்றாம் ரிச்சர்ட், ஹெரால்டுகளுக்கென ஒரு சங்கம் அமைத்து, லண்டனில் ஒரு வீடும் கொடுத்தார். பாவம், அடுத்த ஆண்டே அவர் போரில் இறந்தார். புதிய மன்னர் வீட்டைப் பறித்துக் கொண்டார். 1555ல் மேரி ராணி காலத்தில்தான் மறுபடி வீடு கிடைத்தது. இதுதான் 'காலேஜ் ஆப் ஆர்ம்ஸ்'. பெயர்தான் காலேஜ், பரீட்சை எழுதும் கல்லூரி அல்ல!

1530 முதல் ஹெரால்டுகள் மாவட்டம் மாவட்டமாகச் சோதனைக்குக் கிளம்பினர். "உங்கள் வீட்டுச் சுவரில் சிங்கம் வரைந்திருக்கிறீர்களே, யார் கொடுத்தது? அத்தாட்சியைக் காட்டுங்கள்" என்பார்கள். காட்ட முடியாவிட்டால் சின்னத்தை அழித்துவிடுவார்கள். அந்த ஆளின் பெயரைப் பொது இடத்தில் அறிவித்து மானத்தை வாங்குவதும் உண்டு. இப்படி ஊர் ஊராகச் சேர்த்த வம்சாவளிக் குறிப்புகள் மலையாகக் குவிந்தன.

1666 செப்டம்பரில் லண்டனின் பெரும்பகுதியை நெருப்பு தின்றது. காலேஜ் கட்டிடமும் சாம்பலானது. ஆனால் அதற்குள் புத்தகங்களை மன்னரின் அரண்மனைக்குக் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டனர். கட்டிடத்தைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். அந்தப் புத்தகங்களை யார் திரும்ப எழுதுவது? அதே இடத்தில் எழுந்த புதுக் கட்டிடத்தில்தான், புனித பால் தேவாலயத்துக்கு அருகே, காலேஜ் இன்றும் இருக்கிறது.

எல்லா ஹெரால்டுகளும் நல்லவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரால்ப் புரூக் என்ற சண்டைக்கோழி ஒருவர் இருந்தார். நாடக மேதை ஷேக்ஸ்பியரின் அப்பா கையுறை தைப்பவர். 1596ல் அந்தக் குடும்பத்துக்குத் தங்க நிறக் கேடயத்தில் கறுப்புப் பட்டையும், அதில் ஈட்டியும் கொண்ட சின்னம் கிடைத்தது. ஆங்கிலத்தில் 'ஸ்பியர்' என்றால் ஈட்டி, பெயருக்குள்ளேயே சின்னம்! "ஒரு நாடகக்காரனுக்கெல்லாம் சின்னமா?" என்று புகார் கிளப்பினார் புரூக்.

1616ல் அவர் செய்தது இன்னும் மோசம். தன் மேலதிகாரியான வில்லியம் செகார் மேல் அவருக்குப் பொறாமை. கிரிகரி பிராண்டன் என்ற 'கனவானுக்கு'ச் சின்னம் வேண்டும் என்று ஆள் அனுப்பி, செகாரிடம் கையெழுத்து வாங்க வைத்தார். செகாரும் சரியாக விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தப் பிராண்டன் யார் தெரியுமா? லண்டன் நகரின் தூக்குப் போடும் ஆள்! கொடுக்கப்பட்டதோ, வெளிநாட்டு அரச குடும்பத்தின் சின்னம். விஷயம் வெளியே வந்ததும் மன்னர் முதலாம் ஜேம்ஸ் கடுங்கோபம் கொண்டார். ஏமாந்த செகார், ஏமாற்றிய புரூக் இருவரையுமே சிறையில் தள்ளிவிட்டார்.

இன்று என்ன செய்கிறார்கள்?

காலேஜில் மொத்தம் 13 பதவிகள். மேலே மூன்று 'கிங் ஆப் ஆர்ம்ஸ்'. பெயரில் கிங் இருந்தாலும் ராஜா அல்ல! அவர்களில் முதல்வர் கார்ட்டர். அஜின்கோர்ட் போர் நடந்த அதே 1415ல் உண்டான பதவி அது. அடுத்து ஆறு ஹெரால்டுகள்: வின்ட்சர், யார்க், லங்காஸ்டர், செஸ்டர், ரிச்மண்ட், சாமர்செட். கடைசியில் நான்கு இளைய அதிகாரிகள். அவர்கள் பதவிப் பெயர்கள்தான் வேடிக்கை. சிவப்பு டிராகன், சிவப்புச் சிலுவை, நீலப் போர்வை, கோட்டைக் கம்பிக்கதவு! நம்ம வகுப்பில் பட்டப்பெயர் வைப்பது மாதிரி இருக்கிறது இல்லையா?

விழாக்களில் இவர்கள் அணியும் சட்டை, சீட்டுக்கட்டு ஜாக்கி நேரில் வந்தது போல இருக்கும். சிவப்பும் நீலமும் தங்கமுமாக, சிங்கங்களும் யாழும் தைத்த அங்கி. கிங்குக்கு வெல்வெட், ஹெரால்டுக்கு சாட்டின், இளையவருக்குப் பூவேலைப் பட்டு. அந்தக் காலத்தில் இளையவர்கள் அங்கியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட வேண்டும். கைப்பகுதி நெஞ்சிலும் முதுகிலும் தொங்கும்! ஆளைப் பார்த்தவுடன் 'புதுசு' என்று தெரிய வேண்டுமாம்.

சரி, இவ்வளவு பகட்டாக இருக்கிறார்களே, சம்பளம் எவ்வளவு? ஹெரால்டுக்கு 17 பவுண்டு 80 பென்ஸ். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு! கார்ட்டருக்கு 49 பவுண்டு 7 பென்ஸ். 1618ல் உயர்த்தி, 1831ல் குறைத்தார்கள், அதோடு சரி. புதிய சின்னம் வடிவமைத்துத் தருவதற்கும், குடும்ப வரலாறு தேடித் தருவதற்கும் வாங்கும் கட்டணத்தில்தான் பிழைப்பு நடக்கிறது.

கூவும் வேலையும் போய்விடவில்லை. 2022 செப்டம்பரில் எலிசபெத் ராணி மறைந்தார். 10ம் தேதி, லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் மாடத்தில் கார்ட்டர் வந்து நின்றார். எக்காளம் முழங்கியது. மூன்றாம் சார்லஸ் மன்னரானார் என்ற அறிவிப்பை உரக்கப் படித்தார். டிவியும் செல்போனும் செய்தியை முன்பே உலகம் முழுக்கக் கொண்டு போய்விட்டன. இருந்தாலும் அவர் தன் வாயால் படித்தார்.

புதிய சின்னங்களும் பிறந்து கொண்டேதான் இருக்கின்றன. 2011ல் இளவரசர் வில்லியமுக்கும் கேத்தரின் மிடில்டனுக்கும் திருமணம் நடந்தது. கேத்தரின் குடும்பத்துக்கு அப்போது ஒரு சின்னம் தயாரித்தனர். அதில் மூன்று ஓக் மரக் காய்கள். அவர் வீட்டில் மூன்று பிள்ளைகள். ஊரைச் சுற்றி ஓக் மரங்கள். நடுவில் தங்க நிறத்தில் ஒரு கூரை வடிவப் பட்டை. அது எதற்கு? அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் கோல்டுஸ்மித், அதாவது பொற்கொல்லர்!

யாராவது புதிதாகச் சின்னம் கேட்டு வந்தால், அதிகாரிகள் முதலில் படம் வரைய உட்காருவதில்லை. பழைய பதிவுகளைப் புரட்டுகிறார்கள். இதே சின்னம் வேறு யாருக்காவது ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிங்கம் கேட்கலாம், கழுகு கேட்கலாம், கிட்டார்கூடக் கேட்கலாம். நீலத்தில் தங்கப் பட்டை மட்டும் கேட்காதீர்கள். அது ஸ்க்ரோப் வீட்டுக்குப் போய் 600 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது!